தலைவர் கைதட்டிய இடம்

எங்கள் நகரத்தில் யாருக்கும் கட்டுப்படாமல் ஒரு இசைத்தட்டு வெளியிட வேண்டுமானால் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தருவது சுயாதீன இசை அங்கீகார மன்றம். மன்றத்தின் சான்றிதழ் இல்லாத தட்டைத் தொழிற்சாலையில் அச்சடிக்க மாட்டார்கள். கடைகளில் வைக்க மாட்டார்கள். வானொலியில் பேச்சே கிடையாது. சான்றிதழ் இல்லாமல் சுதந்திரமாக இருப்பவர்களை மன்றம் 'ஒழுங்கற்றோர்' என்று வகைப்படுத்தியிருக்கிறது.

நாங்கள் மூன்று பேர் ஜாஸ் வாசிக்கிறோம். நான் பியானோ. அக்கா டபுள் பேஸ். ஆளை விட உயரமான வயலின் என்று தெரியாதவர்களுக்குச் சொல்வேன். அத்தான் டிரம்ஸ். பகலில் நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், அக்கா பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். அத்தானுக்கு வேறு வேலை இல்லை. கேட்டால், "மூணு பேர்ல ஒருத்தராவது முழுநேரம் இதுல இருக்க வேணாமா?" என்பார்.

அத்தானுடைய நண்பரின் சலவைக்கடைப் பின்னறையில் எங்கள் தட்டைப் பதிவு செய்தோம். நண்பர் தன் பாட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆவி சீறும் சத்தம் எல்லாப் பாட்டிலும் கொஞ்சம் கேட்கும். மூன்றாவது பாட்டின் நடுவில் அத்தானின் கையிலிருந்து ஒரு குச்சி நழுவி விழுந்தது. சிமெண்ட் தரையில் உருண்டு இஸ்திரி மேசைக்கு அடியில் போய் நின்றது. அக்கா நிறுத்திவிட்டாள். நான் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் ஆவிச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அத்தான் மிச்சமிருந்த ஒரு குச்சியாலும் உள்ளங்கையாலும் மெதுவாகத் தொடங்கினார். அக்கா விரலால் மீட்டுவதை விட்டுவிட்டுக் கம்பியில் வில்லைப் போட்டாள். பாட்டு வேறு எங்கோ போயிற்று. முடிந்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சலவைக்காரர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இது என்னய்யா, இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார். ஒரு சட்டை கருகியிருந்தது.

அந்தப் பாட்டுக்காகத்தான் தட்டு. இது மூன்று பேருக்கும் தெரியும்.

அத்தானின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். தம்பியைக் கடைக்கு வரச்சொல்லி வெகுநாளாகக் கூப்பிடுகிறார். பதிவு முடிந்த வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் சொன்னார். "இந்தத் தட்டு வெளிய வந்தா வாசிக்கிறேன். வரலைன்னா டிரம்ஸ் செட்டை வித்துட்டு அண்ணன் கடையில போய் உக்காந்துடறேன். இனிமே இழுத்தடிக்க வேணாம்." அக்கா, "சரி" என்றாள். அக்கா வாதாடாமல் சரி என்று சொன்னால் அவள் பயந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அப்படித்தான் மன்றத்துக்குப் போனோம்.

மன்றத்தின் நடைவழியில் இரண்டு பக்கமும் நாற்காலிகள். எல்லாவற்றிலும் இசைக்காரர்கள், மடியில் வாத்தியம். சுவரில் 'சத்தம் கூடாது' என்று எழுதியிருந்தது. வாசிக்கச் சொல்வார்களோ என்று அக்கா பேஸைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்ததும் காவலாளி வந்தார்.

"இதுக்கு டோக்கன் எடுத்தீங்களா?"

"இது வாத்தியம்ங்க."

"நாற்காலியில உக்காந்தா டோக்கன் வேணும்."

"உக்காரலையே. சாஞ்சுதான் இருக்கு."

"சாஞ்சாலும்தான்."

பேஸுக்கு ஒரு டோக்கன் வாங்கினோம். அது எங்களுடையதற்கு முந்திய எண்ணாக அமைந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரம்பெட்காரர் என்னைப் பார்த்து, "முதல் தடவையாம்மா?" என்றார்.

"ஆமா சார்."

"சாப்பாடு கட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"இல்லையே."

"அப்ப முதல் தடவைதான்."

அவர் தன் குழந்தையைத் தூங்கவைக்க ஒரு பாட்டு அமைத்தாராம். அதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறார். "குழந்தை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்கா. அவளும் ஒரு குழு வச்சிருக்கா. அதோ, கடைசி நாற்காலியில சாக்ஸபோனோட இருக்காளே, அவதான். அவ விண்ணப்பம் எனக்கு முன்னால போயிட்டிருக்கு" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது.

பேஸின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அதைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் நாங்களும் போனோம். உடன் வந்தவர்கள் என்று எங்களைக் குறித்துக்கொண்டார்கள்.

செயலாளர் அம்மா தலை நிமிராமல் கேட்டார். "உங்களுக்கு யாராவது ஆதரவு தர்றாங்களா?"

"இல்லைங்க மேடம்" என்றார் அத்தான்.

"அத்தாட்சி?"

"எதுக்கு மேடம்?"

"யாரும் ஆதரிக்கலைங்கிறதுக்கு. மதிப்புக்குரிய ஆட்கள் மூணு பேர் எழுதித் தரணும்."

அக்கா கேட்டாள். "நாங்க கேட்டதும் அவங்க எழுதித் தந்தா அதுவே ஆதரவு ஆகிடாதா மேடம்?"

செயலாளர் அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்க கணக்கு டீச்சரா?"

"ஆமா."

"தெரியுது" என்றார்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் எனக்கு எழுதித் தந்தார். இத்தனை காலத்தில் எந்த விஷயத்திலும் தான் என்னை ஆதரித்ததே இல்லை என்று மனமார எழுதினார். அக்காவுக்குப் பள்ளித் தலைமையாசிரியை எழுதினார். அத்தானுக்கு அவருடைய அண்ணனே எழுதினார். அது தேவைக்கு மேல் நீளமாக இருந்தது.

அடுத்தது கேட்பு அமர்வு. மன்றக் குழு ஒரு நீள மேசையின் பின்னால் உட்கார்ந்து எங்கள் தட்டைக் கேட்டது. நடுவில் தலைவர். முன்பு சுங்கத்துறையில் பெரிய அதிகாரியாக இருந்தவர். பாட்டு கேட்கும்போதும் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் முகம்தான். அவர் தலையசைத்தால் குழு தலையசைக்கும். முதல் பாட்டுக்கு அசைத்தார். இரண்டாவதுக்கும் அசைத்தார். மூன்றாவதில் குச்சி விழுந்ததும் செயலாளர் அம்மா நிறுத்தினார்.

"இது என்ன சத்தம்?"

"குச்சி விழுந்துடுச்சு மேடம்" என்றார் அத்தான்.

"தானா விழுந்துதா, போட்டீங்களா?"

அத்தான் உண்மையைச் சொன்னார். "தானா."

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் அம்மா விளக்கினார். வேண்டுமென்று போட்டிருந்தால் அது பாட்டின் பகுதி, சிக்கல் இல்லை. தானாக விழுந்ததென்றால் அது தவறு. தவறுள்ள பாட்டுக்கு மன்றம் சான்று தருவதில்லை.

"அதுக்கு அப்புறம் வர்றதைக் கேளுங்க மேடம்" என்றாள் அக்கா. "அது விழுந்ததாலதான் அது வந்துது."

"தவறைத் தீர்க்காம மேல கேக்க விதியில்லை."

அப்போது தலைவர் கையை உயர்த்தினார். எல்லாரும் பேனாவை எடுத்தார்கள்.

"ஜாஸுக்கு உயிரே சுதந்திரம்தான்" என்றார் தலைவர். "அந்த நேரத்துல மனசுல என்ன தோணுதோ அதை வாசிக்கிறது. அதனாலதான் நான் எப்பவும் சொல்றேன், இவ்வளவு அருமையான பொருளை வாசிக்கிறவங்க கையில விட்டுடக் கூடாது. விட்டா என்ன ஆகும்? ஆளாளுக்குத் தோணினதை வாசிப்பாங்க. இந்தப் பிள்ளைங்க மேல எனக்குக் கோபமில்லை. தப்பு பண்ணட்டும். கலைஞன் தப்பு பண்ணணும். ஆனா அந்தத் தப்பை மறுபடியும் அதே மாதிரி பண்ணிக் காட்டணும். அப்பத்தானே அது தற்செயல்னு நாம நம்ப முடியும்?"

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அத்தான் என் காதில், "பாப்பா, இப்ப அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் புரியலையா?" என்றார்.

எங்களுக்கு ஒரு தவறு நிபுணர் ஒதுக்கப்பட்டார்.

நிபுணர் சலவைக்கடைக்கு வந்தார். ஒல்லியானவர், மிகவும் மரியாதையாகப் பேசுபவர். அளவு நாடாவால் அத்தானின் கைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்தார். குச்சி உருண்ட பாதையைச் சாக்பீஸால் கோடு போட்டார். இஸ்திரி மேசைக்கு அடியில் அவரே படுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "போடுங்க" என்றார்.

அத்தான் குச்சியைப் போட்டார்.

"இல்லைங்க. இது நீங்க போடறீங்க. அது விழணும்."

மறுபடி போட்டார்.

"இப்ப நீங்க போடலை, சரி. ஆனா விழப்போகுதுன்னு உங்க முகத்துக்குத் தெரியுது."

முகத்தை மாற்றிக்கொண்டு போட்டார். நிபுணர் வருத்தத்துடன் தலையசைத்தார். "கோவிச்சுக்காதீங்க. நான் ஒரு வயலின்காரரைப் பாத்துக்கிட்டு இருக்கேன். கம்பி அறுந்து போனதைச் செஞ்சு காட்டணும். அருமையா அறுப்பார். உங்களுக்கும் வந்துடும். பயிற்சிதான்."

சலவைக்காரர், "எனக்கும் ஏதாவது பயிற்சி உண்டா? சட்டை கருக்கணுமா?" என்று கேட்டார். நிபுணர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய சட்டையாக இருந்தால் போதும் என்றார்.

அதன்பின் வீட்டில் எப்போதும் குச்சி விழும் சத்தம். காலையில் பல் தேய்க்கும் முன்பே அத்தான் தொடங்கிவிடுவார். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "முன்னாடி டிரம்ஸ் வாசிச்சீங்க, பொறுத்துக்கிட்டோம். தயவு செஞ்சு அதையே வாசிங்க" என்று கேட்டுக்கொண்டார்.

அக்கா சமையலறையிலிருந்து, "பாத்திரம் கழுவச் சொன்னா மட்டும் கச்சிதமா கீழ போடத் தெரியுதே. அதை நினைச்சுக்கிட்டுப் போடுங்களேன்" என்பாள்.

"அது நான் போடறதில்லைடி. வழுக்குது."

"அதேதானே இவங்க கேக்கறாங்க!"

சிரித்தோம். ஆனால் மாலையில் மூன்று பேரும் சேர்ந்து அந்தப் பாட்டை வாசிக்கும்போது சிரிப்பு வரவில்லை. தொடங்கும்போதே எல்லாரும் குச்சி விழும் இடத்துக்காகக் காத்திருந்தோம். விழுந்த பிறகு தட்டில் உள்ளதைப் போலவே வாசித்தோம். அக்கா அதே இடத்தில் வில்லை எடுத்தாள். நான் அதே சுரங்களைத் தொட்டேன். ஒரு நாள் அக்கா பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நாம நம்மளையே காப்பி அடிக்கிறோம்" என்றாள். "அதுவும் மோசமா."

அன்றைக்கு அவருடைய அண்ணன் ஃபோன் செய்தபோது வழக்கம்போல் அறைக்குள் போகாமல் எங்கள் முன்னாலேயே பேசினார். "கடையில என்ன வேலைண்ணே இருக்கும் எனக்கு?" என்று கேட்டார். அதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதில்லை.

குழுவின் முன்னால் தவறைச் செய்து காட்ட வேண்டிய விசாரணை நாள் வந்தது. மன்றத்தின் அரங்கில் நல்ல பியானோ ஒன்று உண்டு. யாரும் வாசிக்காமல் பார்த்துக்கொள்வதால் புதிதாகவே இருந்தது. முன்வரிசையில் தலைவர், செயலாளர் அம்மா, குழுவினர். சலவைக்காரர் இஸ்திரிப்பெட்டியும் ஒரு பழைய சட்டையுமாக ஓரத்தில் நின்றார். தவறு நிபுணர் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு அத்தானிடம் குனிந்து, "தைரியமா தப்பு பண்ணுங்க. நான் இருக்கேன்" என்றார்.

தொடங்கினோம். கைகள் தானாகப் போயின. அந்த இடம் நெருங்கியது. வந்தது. அத்தானின் கை உயர்ந்தது.

குச்சி விழவில்லை.

பிற்பாடு அத்தான் சொன்னார். விடத்தான் நினைத்தாராம். ஆனால் போட்டுப் போட்டு எடுத்ததில், விரல்கள் போடுவதை விடப் பிடிப்பதை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தன. நழுவிய குச்சியை அவையே பிடித்துவிட்டன. அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குச்சி விழும் என்று காத்திருந்த அக்கா நிறுத்திவிட்டாள். அக்காவுக்காகக் காத்திருந்த நான் நிறுத்திவிட்டேன். சலவைக்காரர் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கியபடி நின்றார். அரங்கில் சத்தமே இல்லை.

அப்போது தலைவர் கைதட்டினார்.

பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். நன்றாக, நிறைவாகத் தட்டினார். எழுந்தும் நின்றார். அவர் எழுந்ததும் குழு எழுந்தது. எல்லாரும் தட்டினார்கள். செயலாளர் அம்மாவுக்கு மட்டும் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவரும் தட்டினார்.

எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

நடைவழியில் அத்தான் குச்சிகளை உறையில் போட்டு மூடினார். "முடிஞ்சுது. நாளைக்கு அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லிடறேன்" என்றார். அக்கா பேஸின் உறைக்கு ஜிப் போட்டாள். ஜிப் பாதியில் சிக்கியது. அதைச் சரிசெய்வது போலக் குனிந்தவள் நிமிரவே இல்லை. டிரம்பெட்காரர் எங்கள் பக்கம் தன் சாப்பாட்டு டப்பாவை நீட்டினார்.

உள்ளே நடந்ததைக் கதவு வழியாகக் கேட்க முடிந்தது. 'சத்தம் கூடாது' என்ற அறிவிப்பு நடைவழிக்கு மட்டும்தான்.

நிபுணரின் குரல்: "குச்சி விழலைங்க. ஆக, அவங்க தப்பு பண்ணலை. ஆனா நடுவுல ஒரு தப்பு நடந்திருக்கு. பாட்டு முடியறதுக்கு முன்னாடி கைதட்டல்."

செயலாளர் அம்மாவின் குரல்: "வாசிப்புக்கு நடுவுல சத்தம் எழுப்பினவரும் வாசிச்சவரா கருதப்படுவார். விதி அப்படித்தான் இருக்கு. தலைவர் அவர்களே எழுதின விதி."

"அப்ப நான் இந்தப் பிள்ளைங்க குழுவுல ஒருத்தன்னு சொல்றீங்களா?"

"விதிப்படி... ஆமாங்க. அப்படின்னா தலைவர் அவர்களும் சுயாதீனமானவரான்னு பாக்கணும். தங்களை யாரும் ஆதரிக்கலைன்னு மூணு பேர்கிட்ட எழுதி வாங்கணும்."

பிறகு தலைவரின் குரல், மிகவும் நிதானமாக.

"இவ்வளவு காலம் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒரு பாட்டு எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியாதா? பாட்டு முடிஞ்சதும் நான் கைதட்டறது கிடையாது. நான் கைதட்டினா பாட்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம். வாசிக்கிறவனுக்குத் தன் பாட்டு எங்க முடியுதுன்னு தெரியாது, பாவம், அவன் உள்ள இருக்கான். வெளிய இருக்கிறவன்தான் சொல்லணும். அதுக்குத்தானே நாம இருக்கோம்?"

பேனாக்கள் ஓடும் சத்தம் கதவுக்கு வெளியேயும் கேட்டது.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். செயலாளர் அம்மா தீர்மானத்தை வாசித்தார். மூன்றாவது பாட்டு, தலைவர் கைதட்டிய இடத்தில் முடிகிறது. அதுவரை அதில் தவறு ஏதுமில்லை. சான்றிதழ் வழங்கப்படுகிறது.

அத்தான் மெதுவாகக் கேட்டார். "மேடம், தட்டுல அதுக்கு மேலயும் இருக்கே. குச்சி விழறது, அதுக்கப்புறம் வர்றது எல்லாம்..."

நிபுணர் கனிவாகப் பதில் சொன்னார். "பாட்டு முடிஞ்ச பிறகு வர்ற சத்தம் மன்றத்தோட வரம்புல வராதுங்க. ஜனங்க குடை தேடுறது, இருமுறது, இதுக்கெல்லாம் நாங்க சான்று தர்றதில்லை."

"அப்ப அதை எடுத்துடணுமா?"

"இல்லாத ஒண்ணை எப்படிங்க எடுக்கச் சொல்றது?"

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது. நாங்கள் நன்றி சொல்லிவிட்டு, யாரும் மனம் மாறுவதற்குள் வெளியே வந்தோம். சான்றிதழ் பேஸின் பெயரில் இருந்ததைத் தெருவுக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். திரும்பிப் போகவில்லை.

தட்டு வந்தது. மூன்றாவது பாட்டு சான்றளிக்கப்பட்ட இடத்தில் முடிந்து, அதன் பிறகு அதைவிட நீளமாகப் போயிற்று. வானொலியில் முடிந்த இடம் வரை போட்டார்கள். மீதியைக் கேட்க வேண்டியவர்கள் கடைக்குப் போய் வாங்கினார்கள்.

வெளியீட்டு நிகழ்ச்சியை மன்றத்தின் பிரதிநிதிகள் இல்லாமல் நடத்தக் கூடாது. ஆகவே முன்வரிசை முழுவதும் அவர்கள்தான். பின்னால் சலவைக்காரர், கீழ் வீட்டுக்காரர், டிரம்பெட்காரரும் அவர் மகளும், அத்தானின் அண்ணன். தலைவர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். பிறகு நாங்கள் வாசித்தோம். மூன்றாவது பாட்டில் அந்த இடத்தில் நிறுத்தினோம். குழு தலைவரைப் பார்த்தது. தலைவர் கைதட்டி எழுந்தார். எல்லாரும் எழுந்து தட்டினார்கள். பாட்டு முடிந்துவிட்டதால் வரிசையாக வெளியே போனார்கள். கடைசியில் போன நிபுணர் மட்டும் வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் போனார்.

பின்வரிசையிலிருந்து அத்தானின் அண்ணன் கேட்டார். "முடிஞ்சுதாடா?"

"அவங்களுக்கு முடிஞ்சுதுண்ணே. நீ முன்னாடி வா."

பின்னால் இருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். அண்ணன் மட்டும் தூக்காமல் இழுத்துக்கொண்டு வந்தார். கனமான இரும்பு நாற்காலி. கரடுமுரடான தரையில் அது ஆழமாக, நீளமாக முனகியது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். வில்லை எடுத்துக் கீழ்க் கம்பியில் வைத்து அதே சுரத்தைத் தேடிப் பிடித்தாள்.

அண்ணன் பாதி வழியில் வெட்கப்பட்டு நின்றுவிட்டார். "தரை சரியில்லை. டைல்ஸ் போட்டிருந்தா இந்தச் சத்தம் வந்திருக்காது" என்றார்.

"நல்லவேளை" என்றார் அத்தான். இரண்டு குச்சிகளையும் எடுத்தார். "நிறுத்தாதண்ணே. இழு."